விலாவிலிருந்து புட்டி வரை

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நெஞ்சுல குழாய் போட்டாங்களாமே, வலிச்சுதா?" வலித்தது என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். வலிக்கவில்லை என்றால் நம்புவதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பேசினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, எழுதினால் வாங்குவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான். வேண்டியவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் வீராசாமி. காஜா பேராங்கில் ஒரு சோடா கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை. ஆரஞ்சு, சார்சி, ஐஸ்கிரீம் சோடா என்று மூன்று வகை. இரும்புச் சிலிண்டரில் வரும் காஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஏற்றி, மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாகப் புட்டியில் அடைக்க வேண்டும். நாள் முழுக்க முழங்கை வரை ஈரம். அந்த ஈரத்தில்தான் நோய் வந்தது என்கிறாள் என் மனைவி அஞ்சலை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்வதையும் நான் மறுப்பதில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, மூன்று மாதம் இருந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வேறு பேச்சு. மகள் சரசுவுக்குத் தெங்கேராவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பையன் தங்கராஜுக்குத் தபால் ஆபீசில் வேலை. அப்பா இல்லை. தோட்டத்தில் மரம் சாய்ந்து இறந்துபோனதாகச் சொன்னார்கள். அம்மா காத்தாயி பாசாரில் காய்கறி விற்று அவனை ஆளாக்கியவர். பரிசம் போட நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது.

முதலில் சளி என்று நினைத்தேன். நாலாம் நாள் வலது விலாவில் குத்தல் ஆரம்பித்தது. இருமினால் கத்தியை விட்டுத் திருகுவது போல இருக்கும். இருமாமல் இருக்கப் பழகினேன். மருந்துத் தண்ணீர் குடித்தேன். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள், சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு பெட்டி வெறும் புட்டியைத் தூக்கியவன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி கனி ராவுத்தர் ஓடி வந்தார்.

"என்னாப்பா வீராசாமி, உதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. அவருடைய வேனிலேயே காலிப் பெட்டிகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி வேலை. நீளமான பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போவார்கள், வேறு ஆட்கள் வந்து உட்காருவார்கள். நான் இருமும்போதெல்லாம் பலகை கொஞ்சம் காலியாகும். பிறகு எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றி, சில்லென்ற தகட்டில் மார்பை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். "மூச்சை இழுத்துப் பிடி" என்றார்கள். இழுக்க முடிந்தால்தானே பிடிப்பதற்கு?

படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அதை டாக்டருக்கு உதவியாகக் கட்டுப் போடும் டிரெசர் நடராஜா மலாயில் சொன்னார். நான் அஞ்சலைக்குத் தமிழில் சொன்னேன். டிரெசர் எங்கள் காஜா பேராங் செட்டிக் கம்போங்கைச் சேர்ந்தவர், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்களின் குடியிருப்பு அது. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாய் திறந்தால் மலாய். சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் தவிர அவருக்குத் தமிழ் வராது. என் நோய் மூன்று மொழிகளைக் கடந்துதான் என் மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அது கொஞ்சம் இளைத்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய தோல்கள் இருக்கின்றனவாம். ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவோடு ஒட்டியது. சாதாரணமாக நடுவில் இடமே இருக்காது. எனக்குச் சளிக்காய்ச்சல் முற்றி நுரையீரலில் இறங்கி, அந்த இரண்டு தோலுக்கும் நடுவில் சீழ் கட்டிவிட்டது. அதோடு நுரையீரலிலும் ஒரு சிறு ஓட்டை விழுந்து, மூச்சுக் காற்றும் அங்கே கசிந்துகொண்டிருந்தது. கீழே சீழ், மேலே காற்று. இரண்டும் சேர்ந்து வலது நுரையீரலை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டன. அவற்றை வெளியே எடுத்தால்தான் நுரையீரல் விரியும்.

முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். கெட்டியாக இருந்ததால் ஊசி அடைத்துக்கொண்டது. மறுநாள் குழாய் போட்டார்கள். என்னை ஒரு தலையணைமேல் குனிந்து உட்காரவைத்து, விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். டிரெசர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே என்ற அர்த்தத்தில் "ஜாங்ஙான் தாக்குட், ஜாங்ஙான் தாக்குட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அறுத்தது தெரியவில்லை. குழாயை உள்ளே தள்ளியது தெரிந்தது. வலி என்று சொல்வதைவிட, யாரோ என் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது போல இருந்தது என்று சொல்லலாம்.

குழாய் சிவப்பு ரப்பர், சுண்டுவிரல் பருமன். விலாவிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டில் சேர்ந்து, மறுபடி ரப்பராகிக் கட்டிலுக்குக் கீழே இறங்கும். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் பெரிய கண்ணாடிப் புட்டி. புட்டியில் பாதி தண்ணீர். குழாயின் கண்ணாடி முனை தண்ணீருக்குள் முங்கியிருக்கும். உள்ளிருந்து காற்றும் சீழும் தண்ணீருக்குள் வரலாம், வெளிக்காற்று திரும்பி உள்ளே போக முடியாது. தண்ணீரே கதவு. நான் மூச்சு விட்டால் புட்டியில் குமிழ் வரும். இழுத்தால் குழாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறும். டாக்டர் தினமும் குனிந்து அதைத்தான் பார்ப்பார். ஆடினால் நல்லது.

டிரெசர் இதை எனக்கு விளக்க வந்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டார். நான் அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன். பத்தொன்பது வருடம் நான் செய்தது வேறு என்ன? அகலமான குழாயில் காஸும் தண்ணீரும் போனால் காஸ் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து போய்விடும். மெல்லிய குழாயில் அப்படி நடக்காது. ஒரு துண்டு தண்ணீர், ஒரு துண்டு காற்று, மறுபடி தண்ணீர் என்று ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகத்தான் போகும். இன்னும் மெல்லிய குழாய் என்றால், நேராக நிமிர்த்திப் பிடித்தாலும் குமிழ் மேலே ஏறாது. தக்கை மாதிரி அங்கேயே நிற்கும். குழாய் தொய்ந்து விழுந்தாலோ இன்னும் மோசம். பள்ளத்தில் தண்ணீர் தங்கும். பின்னால் வரும் காஸ் அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். ஒரு தொய்வு என்றால் ஒரு ஆள் வழியை மறிக்கிறான் என்று அர்த்தம். மூன்று தொய்வு என்றால் மூன்று ஆள்.

"இவர் இங்கே டிரெசராக வரலாம்" என்று அவர் மலாயில் மிஸ்ஸியிடம் சொல்லிச் சிரித்தார். மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ்.

அப்படித்தான் நாட்கள் போயின. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டு உட்கார இடம் இல்லாமல் போனது. இடது பக்கம் சாய்ந்தே படுக்க வேண்டும். கண்ணாடித் துண்டில் நடக்கும் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மஞ்சளாக ஒரு துண்டு, காற்று ஒரு துண்டு. பக்கத்துக் கட்டில்காரர்கள் மெர்டேக்கா வந்தால் என்னென்ன ஆகும் என்று வாதாடுவார்கள். எனக்கு அன்றைக்கு எத்தனை அவுன்ஸ் இறங்கியது என்பதற்குமேல் எதிலும் மனம் போகவில்லை. இரவில் விளக்கைக் குறைத்ததும் புட்டி மட்டும் குடக் குடக் என்று பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று காது கொடுத்தே தூங்குவேன்.

அஞ்சலை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, தூக்குச்சட்டியோடு காஜா பேராங்கிலிருந்து நடந்தே வருவாள். கஞ்சியில் நெத்திலியை நுணுக்கிப் போட்டிருப்பாள். நான் நாலு கரண்டி குடித்துவிட்டு மூடச் சொல்வேன். மீதியைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தான் குடித்துவிட்டுப் போவாள். அதுதான் அவளுடைய சாப்பாடு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

ஒரு நாள் அவள் முகம் சரியில்லை.

"என்னா புள்ள?"

"தெங்கேராவுல யாரோ சொல்லிட்டாங்களாம். உங்களுக்கு டீபின்னு."

"அதான் சளிய எடுத்துப் பார்க்க அனுப்பியிருக்காங்களே. முடிவு வரல இன்னும்."

"வரட்டும்னு அவங்க காத்திருப்பாங்களா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் காத்தாயி அம்மாவும் பையனும் பார்க்க வர்றாங்களாம்."

அந்தச் சொல்லுக்கு எங்கள் ஜனங்களிடம் இருந்த பயம் எனக்குத் தெரியும். டீபி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். சரசுவுக்கு இருபது வயது. தையல் கடையில் வேலை செய்து, தன் கல்யாணப் புடவைக்குத் தானே சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் மிஷின் ஓட்டும் வேகம் குறையும். நான் கவனித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அஞ்சலையிடம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தேன். சட்டையை மாட்டினேன். பிறகு கட்டில் ஓரமாகத் தொங்கிய குழாயைச் சுருட்டி, மூன்று வளையமாகக் கட்டில் சட்டத்துக்கு உள்பக்கம் தொங்கவிட்டேன். மேலே போர்வை. புட்டிப் பெட்டியின்மேல் ஒரு துண்டு.

"இது வேணாங்க. டிரெசர் திட்டுவாரு."

"ஒரு மணி நேரந்தானே. அவங்க போனதும் எடுத்துவிட்டுர்றேன்."

வேறு எவன் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். நான் தெரிந்தே செய்தேன்.

காத்தாயி அம்மா நரைத்த கொண்டை, வெயிலில் கறுத்த முகம், கையில் ஆரஞ்சுப் பை. பின்னால் தங்கராஜ், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு. முக்காலியில் அவர் உட்கார்ந்தார். பையன் நின்றான்.

"எப்பிடிண்ணே இருக்கு?"

"பரவால்லம்மா. சளிதான். நாலஞ்சு நாள்ல விட்டுடுவாங்க."

"டாக்டர் என்னா சொல்றாரு?"

"நெஞ்சுல கொஞ்சம் நீர் கோத்திருக்குன்னு. வேற ஒண்ணுமில்ல."

துண்டுக்குக் கீழே புட்டி குடக் என்றது. நான் உரக்க இருமி அதை மறைத்தேன். இருமியதில் சீழ் இறங்கி வளையத்தில் தங்கியிருக்கும். அவர் பாசாரில் முள்ளங்கி விலையைப் பற்றிச் சொன்னார். நான் சோடா கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். மெர்டேக்காவுக்கு நிறையப் புட்டி கேட்டிருக்கிறார்கள் என்றேன். புட்டி மறுபடி குடக் என்றது, முன்னைவிட மெதுவாக. கொஞ்ச நேரத்தில் சத்தமே வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது.

மூன்று பள்ளத்திலும் நீர் நிறைந்துவிட்டது. நுரையீரலிலிருந்து கசியும் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. கையை நீட்டி ஒரு வளையத்தை அவிழ்த்தால் போதும். ஆனால் அவிழ்த்தால் அந்த மஞ்சள் சீழ் அவர் கண்ணெதிரே கண்ணாடியில் ஓடும். இன்னும் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாக்கியங்களைச் சின்னதாக்கினேன். "ஆமாம்மா." "சரிம்மா." பிறகு தலையை மட்டும் ஆட்டினேன். காதுக்குள் அடைத்துக்கொண்டு வந்தது. காத்தாயி அம்மாவின் உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இதயம் இடப் பக்கமாகத் தள்ளப்படுவது போல இருந்தது. மகளை நினைத்துக்கொண்டேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

காத்தாயி அம்மா பேச்சை நிறுத்தினார். என் உதட்டைப் பார்த்தார். என் கையை எடுத்து நகத்தைப் பார்த்தார். பிறகு போர்வையை உருவினார்.

"தங்கராஜு, ஓடு! மிஸ்ஸியக் கூப்பிடு!"

அவன் ஓடினான். அவர் குனிந்து வளையங்களை அவிழ்த்தார். குழாயை விலாப் பக்கத்திலிருந்து கையால் தூக்கித் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புட்டிப் பக்கம் இறக்கினார். தங்கியிருந்த நீரெல்லாம் துண்டு துண்டாகக் கண்ணாடியைத் தாண்டி ஓடியது. அடுத்த நொடி புட்டி பொங்கியது. மூடி திறந்த சோடா அப்படிப் பொங்கி நான் பார்த்ததில்லை. ஒரு மூச்சு உள்ளே போனது. இன்னொன்று. அஞ்சலை என் முதுகைத் தாங்கிக்கொண்டு அழுதாள்.

டிரெசர் ஓடி வந்தார். "தாரெக் நாஃபாஸ், பெலான் பெலான்" என்று, மெதுவாக மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டே நாடியைப் பிடித்தார். குழாய் முழுவதையும் தடவிப் பார்த்தார். எல்லாம் அடங்கியபிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார். "எனக்கே பாடம் சொன்னவன்தானே நீ?"

திரும்பிப் பார்த்தபோது காத்தாயி அம்மாவும் பையனும் போய்விட்டிருந்தார்கள். ஆரஞ்சுப் பை முக்காலிமேல் இருந்தது.

மறுநாள் சரசு வந்தாள். அம்மாவிடம் எல்லாம் கேட்டிருப்பாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்.

"யாரு கேட்டா அப்பா உங்கள? கல்யாணம் இல்லன்னா தச்சுப் பொழச்சுக்குவேன். அப்பா இல்லன்னா நான் யாருகிட்டப் போயி கேக்கறது?"

"சரிம்மா."

"சரி சரின்னு சொல்லாதீங்க!"

சொல்லிவிட்டுக் குழாயை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஆரஞ்சு ஒன்றை உரித்து என் கையில் வைத்தாள். அந்த உறவு முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம்.

புதன்கிழமை காலை, பார்வையாளர் நேரம் இல்லாத நேரத்தில், காத்தாயி அம்மா தனியாக வந்தார். கூடையில் விற்காத கீரை. டிரெசரிடம் கெஞ்சி உள்ளே வந்திருப்பார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, புட்டியைப் பார்த்தார்.

"நல்லா வருதா?"

"வருதும்மா. நேத்து நாலு அவுன்ஸ்."

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு மரம் விழுந்து சாகல."

நான் தலையணையிலிருந்து நிமிர்ந்தேன்.

"ஏழு மாசம் இதே மாதிரி புட்டியோட கெடந்தாரு. வேற ஊரு ஆஸ்பத்திரி. டீபி. நாந்தான் பக்கத்துல இருந்தேன். குழாய்ல நீர் தங்கினா எப்பிடித் தூக்கி விடணும்னு ஒரு மிஸ்ஸி எனக்குக் காட்டிக்கொடுத்தா. அப்ப மருந்து சரியா இல்ல. போயிட்டாரு. தங்கராஜுக்கு எட்டு வயசு. அந்த ஊர விட்டுட்டு தெங்கேராவுக்கு வந்தேன். மரம் விழுந்துச்சுன்னு சொன்னேன். இல்லாட்டி என் பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, வேர்வைதான்.

"அன்னிக்கி உங்க போர்வய உருவினப்ப எனக்குக் கோவம் வரலண்ணே. வெக்கமா இருந்துச்சு. நீங்க ஒரு மணி நேரம் மறைச்சீங்க. நான் பதினாறு வருசமா மறைக்கிறேன்."

கீரைக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்.

"பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவ என்னா சொல்றாளோ அதுதான். வேணான்னா நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

அன்று மாலை சரசுவிடம் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாம். உங்கிட்ட சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். அம்மாதான் விடலையாம்."

மூன்று நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் அத்தனை சோர்வு. சோற்றைப் பார்த்தாலே கை ஓய்ந்துவிடும். நடுவில் என் சளியின் முடிவு வந்தது. டாக்டர் சொல்லி, டிரெசர் சொல்லி, நான் அஞ்சலைக்குச் சொன்னேன். டீபி இல்லை. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பெரிதாகச் சந்தோஷம் வரவில்லை. சந்தோஷப்படவும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது.

நாலாம் நாள் சரசு வந்து சொன்னாள். "அவரு நெஞ்சப் படம் எடுத்துப் பார்க்கட்டும்பா. நானும் எடுத்துக்கறேன். ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டா அப்புறம் என்னா பயம்?"

இந்த மாதிரி ஒரு நிபந்தனையை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. சொல்லி அனுப்பினோம். இரண்டு நாளில் தங்கராஜ் வந்து நின்றான், லீவு போட்டுவிட்டு. டிரெசர்தான் இருவரையும் அழைத்துப் போனார். இரண்டு படமும் காய்ந்ததும், டாக்டர் பார்த்துவிட்டபின், என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் அவற்றைப் பிடித்துக் காட்டினார். விலா எலும்புகள் இரண்டு ஏணி போல இருந்தன. "பெர்சே" என்றார். சுத்தம் என்று அர்த்தம். சரசு தன் படத்தைப் பார்க்கவில்லை, அவன் படத்தைத்தான் பார்த்தாள். அவன் அவளுடையதைப் பார்த்தான். எனக்கு இருமல் வந்தது நல்லதாகப் போயிற்று, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு தங்கராஜ் வேலை முடிந்து தினமும் வருவான். பேச்சு அதிகம் இல்லாத பையன். "எப்பிடி இருக்கு மாமா?" என்பான். பிறகு குழாயின் நடுப்பகுதியைக் கையில் ஏந்தி, எங்கும் தொய்யாமல் புட்டி வரை ஒரே சரிவாகப் பிடித்துக்கொண்டு பார்வை நேரம் முடியும்வரை நிற்பான். அதற்கென்று மிஸ்ஸி ஊக்கு போட்டு வைத்திருக்கிறாள், தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. கை வலித்தால் மாற்றிக்கொள்வான்.

சீழ் குறைந்து, வெறும் நீராகி, அதுவும் நின்றது. குமிழ் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பத்து, மறுநாள் ஐந்து, இருமினால் ஒன்று. பிறகு இருமினாலும் வரவில்லை. இந்தத் தடவை குழாய் அடைத்திருக்கவில்லை. குழாயின் முனையில் தண்ணீர் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. நுரையீரலின் ஓட்டை மூடிவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் குழாயை இடுக்கியால் கவ்வி வைத்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். நுரையீரல் விலாவரை வந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பில் உருவி எடுத்துக் கட்டுப் போட்டார்கள். பிடிக்கச் சொன்னபோது என்னால் பிடிக்க முடிந்தது.

மெர்டேக்கா அன்று நான் வார்டில்தான் இருந்தேன். மிஸ்ஸிகள் எல்லாருக்கும் ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள். வெளியே கூட்டம் கத்துவது கேட்டது. நானும் கையைத் தூக்கினேன். தையல் போட்ட பக்கம் இழுத்ததால் பாதியில் இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. அஞ்சலை திரிஷா என்ற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி பிடித்துக் கூட்டிவந்தாள். தூக்கக்கூடாது, குனியக்கூடாது, ஆறு மாதத்துக்குக் கம்பெனிப் பக்கம் போகக்கூடாது. தை மாதம் கல்யாணம் என்று காத்தாயி அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சரசு தையல் கடைக்குப் போயிருந்தாள். அஞ்சலை எனக்குப் பாயை விரித்து, தலையணையை உயர்த்தி வைத்து, என் ஆஸ்பத்திரித் துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். மூன்றாவது சட்டையை மடிக்கும்போது அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கையில் சட்டை இருந்தது. பகலில் அவள் தூங்கி இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு ரவிக்கைக்கு வெளியே தெரிந்தது. இதையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுப்பவில்லை. மெல்ல நகர்ந்துபோய் அடுப்படியில் கஞ்சி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஈ மொய்க்காமல் தட்டால் மூடி, அவள் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.